சம்மந்தி சுமந்தவர்கள்

எங்கள் மேட்டுத் தெருக்களுக்கு வண்டி ஏறாது. அடிவாரத்துச் சாலையிலிருந்து ஆலயம் வரைக்கும் கல்படிதான். ஆலயத்தைத் தாண்டினால் படி இன்னும் குறுகிவிடும். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். அங்கே சேரும் குப்பையைக் கீழே நிற்கும் லாரிக்குக் கொண்டு சேர்த்தது ஒரு கழுதையும் அதை ஓட்டிய ஒரு பெண்ணும். நகராட்சி அந்த வேலையை முதலில் அவள் புருஷனுக்குத்தான் கொடுத்திருந்தது. மழையில் படி வழுக்கி விழுந்து அவன் போய்ச் சேர்ந்த பிறகு கயிறு அவள் கைக்கு வந்தது.

அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் நான் தையல் மிஷின் போட்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே தகரம் வேய்ந்த சந்தில் கழுதை நிற்கும். மிஷின் சத்தம் நின்றால் அதன் காது என் பக்கம் திரும்பும்.

அவள் அதைச் சம்மந்தி என்று கூப்பிடுவாள். "மரியாதை கொஞ்சம் குறைஞ்சாலும் நகராது அக்கா. தாடையைத் தடவி, நாலு நல்ல வார்த்தை பேசி, தாஜா பண்ணித்தான் கூட்டிட்டுப் போகணும். இதுக்கு வேற என்ன பேர் வைக்கிறது?"

அவளுக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் அறையில் வேலை. சரியான வாயாடி. "அம்மா, எனக்கு வெளியில மாப்பிள்ளை தேடாத. சம்மந்திக்கு ஒரு பையன் இருப்பான்ல, கேட்டுப் பாரு" என்று சந்தில் நின்று கத்துவாள். தெருவே சிரிக்கும்.

கழுதையின் கழுத்தில் ஒரு மணி. அந்தச் சத்தம் கேட்டதும் பெண்கள் வாளியை வாசலில் வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். மரக்கடைக்காரர் எங்கள் சபையின் மூப்பர், நல்ல மனிதர்தான். அவர்கூட ஒருமுறை, தன் வாசலில் கழுதை அசிங்கம் செய்துவிட்டதென்று அதன் காலில் வெந்நீரை ஊற்றியிருக்கிறார். மறுநாள் காலையில் அதே வாசலில் அது கொப்புளத்தோடு வந்து நின்றது.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தெருவிலும் அழுகைச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பயம் பிடித்தது. சவ வண்டி அடிவாரத்தோடு நின்றுவிடும். மேலிருந்து பெட்டி தூக்கி வருபவர்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள், மீதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மேல் தெருவில் தனியாக இருந்த செருப்பு தைக்கும் கிழவர் இறந்து, நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. போதகர் ஒண்டியாளாக அவரைப் போர்வையில் சுற்றி முதுகில் தூக்கிப் பார்த்தார். முழங்கால் மடங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நேராக அவள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். "கேக்கறதுக்கே வாய் வரலம்மா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "குப்பை சுமந்த முதுகுங்க ஐயா."

"ஊருக்குள்ள பவனி போக ஆண்டவர் குதிரையா கேட்டார்? கழுதையைத்தானே அவுத்துட்டு வரச் சொன்னார்."

அவள் கழுதையைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். நான் துணி வெட்டும் பலகையைக் கொடுத்தேன். அதைக் குறுக்குக் கட்டைகளோடு அதன் முதுகில் கட்டி, மேலே பழைய மெத்தையை விரித்தோம். அன்றிலிருந்து என் மிஷினில் வேறு தையல் இல்லை. இறந்தவர்களைச் சுற்றும் துணிதான்.

கிழவரை ஏற்றியதும் கழுதை நகரவில்லை. காதைப் பின்னால் மடித்து, திரும்பி அந்தத் துணியை முகர்ந்தது. அவள் அடிக்கவில்லை, அதட்டவில்லை. அதன் கழுத்தில் நெற்றியை வைத்துச் சும்மா நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அது தானாகவே முன்காலை நீட்டி, படியைத் தொட்டுப் பார்த்து இறங்கியது. குப்பைக் கூடையோடு ஆடி அசைந்து இறங்குகிற கழுதை, இறந்தவர்களோடு இறங்கும்போது ஒரு படியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் மிதித்ததில்லை.

அதற்கு வாழைப்பழத் தோலி போட்டவர்களும் அதன்மேல் ஏறினார்கள், கல்லெறிந்தவர்களும் ஏறினார்கள். மரக்கடைக்காரரின் ஒரே மகன் ஏறினான். வீட்டார் யாரும் கூட வரக்கூடாது என்று சுகாதாரத் துறை சொல்லியிருந்ததால், பெற்றவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். படி திரும்பும் இடம் வரைக்கும்தான் அவளுக்குத் தெரிந்தது.

அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் அனலாகக் கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

என்னிடம் நல்ல நீலத் துணி ஒன்று இருந்தது. அவள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்தது. அதையே விரித்தேன். நான் காலைப் பிடித்தேன், தாய் தலையைப் பிடித்தாள். ஏற்றிக் கட்டி முடித்ததும் அவள் வழக்கம்போலத் தாடையைத் தடவி, "வாங்க சம்மந்தி, போலாம்" என்றாள்.

மறுநாள் காலையிலேயே மேல் தெருவிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அவர் மனைவி இறந்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நேத்துதான்யா பெத்ததைக் கொண்டுபோய்ப் புதைச்சிட்டு வந்திருக்கா. மனுஷனா நீ?" என்று கத்தினேன்.

அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "விடுங்க அக்கா. அது பாருங்க, பலகை கட்டுற இடத்துல வந்து நிக்குது. யாருக்கு, எதுக்குன்னு கேக்குதா? அது நிக்கும்போது நான் எப்படி உக்காருறது?"

ஒரு வழியாகக் காய்ச்சல் அடங்கியது. ஸ்தோத்திர ஆராதனை நடந்தது. ஆண்டவரைச் சுமந்த கழுதையைப் பற்றிப் போதகர் பேசினார், சொல்லும்போதே அழுதார். எனக்கு வேறொன்று தோன்றியது. அந்தக் கழுதை மறுநாள் எங்கே இருந்திருக்கும்? அவர் வரும் வழியில் ஜனங்கள் விரித்த துணிகளை அவரவர் எடுத்துப் போயிருப்பார்கள். அது தன்னைக் கட்டிப்போட்ட பழைய முளைக்குத் திரும்பி, பழைய சுமைக்கு முதுகைக் கொடுத்திருக்கும். ஊழியம் என்று நாம் பெரிதாகச் சொல்வது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் கடைசி பெஞ்சில் இருந்தாள். ஒரு பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. வெளியே வரும்போது, "ஆண்டவர் மேல கோவமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கோவந்தான் அக்கா. பாட வரல, ஜெபமும் வரல. சம்மந்திக்கு மட்டும் பாட்டா தெரியும்? கூப்பிட்ட இடத்துக்கு வந்து நிக்குதுல்ல. நானும் வந்து நிக்கறேன். இப்போதைக்கு அவ்வளவுதான் முடியுது."

ஊர் பழையபடி ஆனது என்றுதான் நினைத்தோம். ஆனால் மணிச்சத்தம் கேட்டால் சில வீடுகளில் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், குழந்தைகள் வீறிட்டு அழுதன. ஒரு நாள் மரக்கடைக்காரர் அவள் வாசலுக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"தப்பா நினைச்சுக்காதம்மா. இந்த மணி கேட்டாலே என் வீட்டுக்காரி சுருண்டு படுத்துக்கறா. சாப்பாடு தண்ணி கிடையாது. அழவும் மாட்டேங்கறா. நீ செஞ்சதை மறக்கல. ஆனா இந்தச் சத்தத்தை எங்களால தாங்க முடியலம்மா."

அவள் மணியைக் கழற்றினாள். அவர் போனதும் நான் பொரிந்து தள்ளினேன். "உன் பொண்ணையும் இதுதானே சுமந்துச்சு? வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"அந்த மனுஷன் நிக்கறதே கஷ்டப்பட்டு நிக்கறாரு. அவர் தலையில இதையும் ஏத்தணுமா?"

மணி இல்லாததால் ஒவ்வொரு கதவையும் கையால் தட்ட வேண்டி வந்தது. வேலை இரட்டிப்பானது. தாமதமாகிறதென்று திட்டும் வாங்கினாள்.

அப்படி ஒரு காலையில், தைத்த துணி கொடுப்பதற்காக நானும் மரக்கடை வீட்டுப் பக்கம் போயிருந்தேன். அவள் கதவைத் தட்டினாள். திறந்தது வேலைக்காரி இல்லை; அந்தத் தாய். தலை சீவாமல், சேலை நழுவி, கழுதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுலயா என் புள்ளை போனான்?"

"ஆமாம்மா."

"தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"என் பக்கம். இறங்கும்போது ஆடக்கூடாதுன்னு தோள்ல தாங்கிக்கிட்டேன். எங்கயும் இடிபடலம்மா."

அந்தத் தாய் கிட்டே வந்தாள். இரண்டு பக்கமும் குப்பைக் கூடை, மொய்க்கும் ஈ. அவற்றுக்கு நடுவே கழுதையின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு முகத்தை வைத்தாள். மகன் இறந்த பிறகு அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான். ஈ கடித்தால் தோலைச் சிலிர்க்கும் கழுதை, அவள் அழுது முடிக்கும் வரை அசையவில்லை.

"உனக்கும் ஒரு பொண்ணு இருந்தாளே, துடுக்கா பேசுவாளே?"

"அவளையும் இதுலதாம்மா கொண்டுபோனேன்."

இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கீழே லாரி ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் சம்மந்தி பாதிப் படியில் கால் மடங்கி உட்கார்ந்தது. தாடையைத் தடவினாள், பேசினாள், கெஞ்சினாள். எழுந்திருக்கவில்லை. முதுகிலிருந்த கூடைகளை அவிழ்க்க முதலில் ஓடி வந்தவர் மரக்கடைக்காரர்.

நகராட்சி வேறு கழுதை வாங்கித் தரவில்லை. இப்போது கூடை அவள் முதுகிலேயே இருக்கிறது. கதவு கதவாகத் தட்டிக்கொண்டு இறங்குகிறாள். பல வீடுகளில் இன்னமும் மூக்கைப் பொத்துகிறார்கள். மரக்கடை வீட்டம்மா மட்டும் தன் வாளியைக் கூடையில் கொட்டுவதில்லை. தானே தூக்கிக்கொண்டு அவள் கூடவே லாரி வரைக்கும் இறங்கிப் போகிறாள்.