சேண்டிங் மெஷின் வாடகைக்கு, அறிவுரை இலவசம்

மரம் தேய்க்கும் மெஷினை வாடகைக்கு விடும் தொழிலில் மெஷினை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். அதை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல ஆரம்பித்தால்தான் வந்தவருக்கு ஊரில் உள்ள எல்லா அவசரமும் ஞாபகம் வரும். என்னைப் போலக் கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் மெக்கானிக்கல் படித்தவள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகைக் கடையில் வேலை. சொந்த ஊரான ரிஷிவந்தியத்தில் அப்பா இதை "மெஷின் கம்பெனி" என்று சொல்லி வைத்திருக்கிறார். முதலாளி, மூன்று மாதம் பார்க்கலாம் என்றுதான் சேர்த்துக்கொண்டார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வந்த ஆளை எதிர்க்கடைக்கு அனுப்பக் கூடாது. எதிர்க்கடையில் வாயே திறக்காமல் மெஷினைக் கொடுத்துவிடுவார்கள். நானோ மெஷினோடு பெட்டியில் வரும் சின்னப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவள். இந்த மாவட்டத்தில் அதைப் படித்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

புதுப் பை

எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு பெயின்டர் அண்ணன் வந்தார். பழைய கதவு ஒன்றைத் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டுமாம். மெஷினின் பின்பக்கம் இந்தப் பையை மாட்டுங்கள், தூசியெல்லாம் இதில் போய்விடும், பாதி நிரம்பியதும் கொட்டிவிடுங்கள், மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி என்று சொன்னேன். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அந்த உற்சாகத்தில் எல்லாவற்றையும் இரண்டாம் முறையும் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் வந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. புருவம், மீசை, காது மடல் எல்லாம் மாவு மில்லிலிருந்து வந்தவர் மாதிரி இருந்தன. இருமி முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. பை மட்டும் பிளாஸ்டிக் கவருக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது அவருக்கு.

"புதுப் பைம்மா. தூசி பட்டு வீணாப் பூடும்னு மாட்டாமப் பத்திரமா வச்சிருந்தேன். அதுக்கும் திட்டுறியே."

சும்மா நிற்கும் வேலை

ஒரு தச்சர், தேக்கு மேஜை ஒன்றுக்காக மெஷினை எடுத்துப் போனார். திரும்பி வந்த மெஷின் தோசைக்கல் மாதிரி கொதித்தது. கருகின வாசனை வேறு. அழுத்தித் தேய்த்திருக்கிறார். அழுத்தினால் மோட்டாருக்கும் கேடு, மரத்திலும் குழி விழும். மெஷினின் எடையே போதும், கையை மேலே வைத்து மரத்தின் ரேகை போகிற வழியில் நகர்த்தினால் சரி என்று ஒரு பலகையில் ஓட்டியே காட்டினேன். மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் உப்புத்தாளை மாற்ற வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டார். முதலாளி மட்டும் கல்லாவில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்.

இரண்டு நாள் கழித்து மெஷின் மறுபடியும் அதே வாசனையோடு வந்தது. நான் சொன்னது புரியவில்லையா என்று கேட்டேன். நன்றாகவே புரிந்ததாம்.

"நீங்க சொன்ன மாதிரிதாங்க மெதுவா புடிச்சிக்கினு இருந்தேன். வூட்டுக்காரரு சேர் போட்டு எதுருலயே குந்திக்கினு, 'மெஷின் வேலை செய்யுது, நீ இன்னாப்பா செய்யிற?'ன்றாரு."

பொட்டு

மரத்தில் சாமி சிலை செதுக்கும் பட்டறைக்காரர் ஒருவர், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எடுத்த மெஷினைப் பூஜை முடிந்துதான் திருப்பிக் கொடுத்தார். மெஷினுக்கு மாலை போட்ட தடம் இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. மோட்டாருக்குக் காற்று போக இரண்டு பக்கமும் துளைகள் இருக்குமே, அவற்றை அடைத்துச் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்திருந்தார். காய்ந்து கல்லாகிவிட்டது. அப்படியே ஓட்டியிருந்தால் மூச்சு முட்டி மோட்டார் எரிந்திருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் ஊசியுமாக ஒரு முழுக் காலை நேரம் சுரண்டினேன்.

மெஷின் நெற்றி என்று நினைத்து எந்த இடத்தில் வேண்டுமானாலும் பொட்டு வையுங்கள், இந்தத் துளையில் மட்டும் வேண்டாம் என்று பணிவாகத்தான் சொன்னேன். அவர் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருடமாகச் சிலை செய்பவராம். நானோ நேற்று வந்தவள்.

"சாமிக்குக் கண்ணு தொறக்குறவன் நானு. ரெண்டு பக்கமும் உருண்டையா இருக்கறது கன்னம்னு எனக்குத் தெரியாதா பாப்பா?"

வெள்ளிமலை பஸ்

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம். வெள்ளிமலையிலிருந்து ஒருவர் வந்தார். அவர்கள் ஊர் மாதா கோயில் பெஞ்சுகளைத் தேய்க்க வேண்டும். பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. கடையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு மெஷின். அதை எல்லோரும் ஒயரைப் பிடித்துத் தூக்கித் தூக்கி, ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் உறை வெடித்துவிட்டது. நான் சொன்னதற்கு முதலாளி கறுப்பு டேப் சுற்றினார். அந்த டேப்பும் பிரிந்து செம்புக் கம்பி தெரிந்தது. கை பிடிக்கிற இடத்துக்கு ஒரு விரல் தள்ளி.

தர முடியாது என்றேன். எதிர்க்கடைக்காரர் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார். முதலாளி வந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, என் பக்கம் குனிந்து நாளையிலிருந்து நான் வர வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். மெஷின் கம்பெனி என்று அப்பா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மெஷினை விடவில்லை. "அப்படின்னா நீங்களே ஒரு வாட்டி ஓட்டிக் காட்டிட்டுக் குடுங்க சார். நான் எதுவும் பேசல" என்றேன்.

முதலாளி மெஷினை வெடுக்கென்று பிடுங்கிப் பிளக்கைச் சொருகினார். சுவிட்சுக்கு விரல் போனது. போன விரல் நின்றது. குனிந்து தன் காலைப் பார்த்தார். எங்கள் கடையில் சாமி படங்கள் இருப்பதால் செருப்பை வெளியில்தான் விட வேண்டும்; அவர் போட்ட சட்டம். மெஷினைக் கவுன்டரில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, சாமி படங்களைப் பார்க்காமல் உள்ளே வந்தார். அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்த வெள்ளிமலைக்காரர், நிஜமாகவே சந்தேகம் வந்து கேட்டார்.

"மொதலாளி, எங்க மாதா கோயிலுக்குள்ள யாரும் செருப்பு போட மாட்டோங்க. அங்க இத எப்படிங்க ஓட்டறது?"

புது ஒயர் மாட்டி அவரை அடுத்த பஸ்ஸில் அனுப்பிவைத்தேன். வர வேண்டாம் என்று சொன்னதை முதலாளி மறுபடி சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. நான்கு வருடப் படிப்பால் காப்பாற்ற முடியாத என் வேலையை முதலாளியின் உயிர்ப் பயம் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது.