மறுகரைக் கதவு

மகளுக்கு ஐந்தாம் மாதம். போன முறை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் ஊரில் இருக்கும் மர்பி டவுன் வீட்டைக் கணவரிடம் விட்டுவிட்டு இங்கிலாந்துக்கு விமானம் ஏறினேன். போன இடத்தில், "வீட்லயே இருந்தா உனக்கு போர் அடிக்கும்மா" என்று மகளும் மருமகனும் வாடகைப் படகு எடுத்துவிட்டார்கள். ரயில் பெட்டியை ஒடுக்கினாற்போல ஒரு படகு. உள்ளேயே அடுப்பு, படுக்கை.

கால்வாய் பள்ளத்தில் இறங்கும் இடத்தில் லாக் என்று ஒன்று வந்தது. இரண்டு முனையிலும் மரக்கதவு வைத்த பெரிய கல்தொட்டி. படகு உள்ளே போனதும் பின்கதவை மூடித் தண்ணீரை வடித்தால், லிஃப்ட் மாதிரி படகு இறங்கும். இருநூறு வருஷப் பழசு என்று மருமகன் பெருமைப்பட்டார். இருநூறு வருஷக் கதவை எப்படி நம்புவது? கதவு இரண்டு பாதி, கரைக்கு ஒன்று. மறுகரைப் பாதியைத் திறக்க, மூடிய கதவின் மேலிருக்கும் பலகையில் யாராவது நடந்து போகவேண்டும். மருமகன் படகை ஓட்டினார். நடந்தவள் என் மகள். கீழே கிணறு மாதிரி இருட்டு. நடுவில் நின்று எனக்கு டாட்டா காட்டினாள்.

அடுத்த லாக்குக்கு முன்னால் கரையில் முளை அடித்துப் படகைக் கட்டி, அங்கேயே தங்கினோம். கதவிடுக்கில் தண்ணீர் கசியும் சத்தம் ஓயவே இல்லை. கரையில் எச்சரிக்கைப் பலகை. எட்டாவதோடு நின்ற எனக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை. ஆனால் தலைகுப்புற விழும் ஆளின் படம் போட்டிருந்தார்கள். கண்ணை மூடினால் அந்த ஆளுக்கு என் மகளின் முகம்.

வெளிச்சம் வந்ததும் கரையில் இறங்கிக் கணவருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அங்கே அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு மறுபடியும் நடப்பா அவ. வேணாம்னா கேக்கமாட்டா."

"டாக்டரே நடக்கச் சொல்லிக்கிறாங்க இல்ல?"

"ரோட்டுல நடக்கச் சொன்னாங்க. கதவு மேல இல்ல."

"அப்ப நீ போய்த் தொற. நான் உல்சூர் ஏரில போட்ல போனதுக்கே கரையில தாலியப் புடிச்சினு நின்னவ நீ." சிரித்தார்.

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பிறகு கதவைப் பார்த்தேன்.

நேற்று மாலை எதிரே வந்த படகு மேலேறிப் போனதால் லாக் நிரம்பியிருந்தது. பலகைக்கு இரண்டு பக்கமும் கறுத்த தண்ணீர். நின்று நடக்க வரவில்லை. நைட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே, பலகையோரக் கம்பியைப் பிடித்து நகர்ந்தேன். பாதியில், திரும்பிவிடலாமா என்றிருந்தது. திரும்புவதற்கும் பயமாக இருந்ததால் முன்னால் போனேன்.

"அம்மா!" மகள் படகிலிருந்து அலறினாள். "யாரு உன்ன அங்க போகச் சொன்னா?"

"நீ அந்தப் பக்கத்துக் கதவத் தொற. இந்தப் பக்கம் கால வச்சே, கொன்னுடுவேன்."

"சரி சரி. கதவுலேர்ந்து நீண்டிருக்கே, அந்தக் கட்டைல முதுகு குடுத்துத் தள்ளும்மா. கையால முடியாது."

தள்ளினேன். முதலில் அசையவே இல்லை. பிறகு மெல்ல நகர்ந்தது. படகு உள்ளே வந்ததும், மருமகன் என் கரையோரமாக ஒட்டிக் கொண்டுவந்து கை நீட்டினார்.

"அத்த, அந்தக் கதவ மூடிட்டு ஏறுங்க. இன்னும் நாலு லாக் இருக்கு."

நாலையும் நானே கடந்தேன். ஒன்றில்கூட நடந்து அல்ல. மகள் கரையிலேயே நின்று, "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டிருந்தாள். கடைசி லாக்கில் பார்த்தேன், பயத்தில் அவள் முகம் வெளுத்திருந்தது.