தந்திக்கு முந்தி வந்த மாமா

வெள்ளைக்காரன் போவதற்குச் சில வாரங்கள் இருந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு விமானம் விட்டார்கள். ஊரே அதைப் பற்றிக் கதைத்தது. அதனால் எங்கள் வீட்டுக்கு வரப்போகும் ஆபத்து எனக்கும் மனைவிக்கும் அப்போது தெரியவில்லை.

மாமா யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இருந்தார். றோட்டு ஓவசியராக இருந்து பென்சன் எடுத்தவர். பரம சைவம். அவருடைய மகளான என் மனைவியும் கல்யாணத்துக்கு முன் அப்படித்தான். கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த ஆறு மாதத்தில் என்னைவிட நன்றாக நண்டு உடைக்கப் பழகிவிட்டாள். மாமா காரில் வந்தால் ஒரு முழுப் பகல். மெயில் ரயிலில் வந்தால் ஓர் இரவு. எப்படியும் அவர் புறப்படும்போது அடிக்கும் தந்தி முந்திவிடும். சட்டியை ஒளித்து, அடுப்படி கழுவி, திருநீறு பூசிக்கொண்டு நிற்க எங்களுக்குத் தாராளமாக நேரம் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, கந்தோரில் அரைநாள் வேலை முடிந்து வந்திருந்தேன். அடுப்பில் நண்டுக் குழம்பு. வாசலில் ரிக்‌ஷா நின்றது.

"இஞ்சேரும், உம்மடை அப்பா!"

"பகிடி விடாதேங்கோ. தந்தி வரேல்லையே."

எட்டிப் பார்த்தவள் சட்டியைத் துணியோடு தூக்கிக்கொண்டு பின்மதிலுக்கு ஓடினாள். அடுத்த வீட்டில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்க அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, கெதியாப் பிடியுங்கோ!"

அக்கா கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

மாமா பெருமையோடு வந்து உட்கார்ந்தார். "காலமை வீட்டிலை இடியப்பம் சாப்பிட்டனான், தம்பி. பலாலியிலை ஏறினா ஒண்டரை மணித்தியாலத்திலை இரத்மலானை. இருநூற்றைம்பது மைல்! முப்பது வருசம் கல்லுக் கல்லாப் போட்ட றோட்டு, மேலை இருந்து பாத்தா நூல் மாதிரிக் கிடக்கு." பிறகு மூக்கை உயர்த்தினார். "இதென்ன மணம்?"

"கடல் கிட்டவெல்லே, அப்பா."

"கடலுக்கு ஆரோ மிளகாய்த்தூள் போட்டிருக்கினம் போல."

அந்த நேரம் பார்த்துத் தந்திக்காரன் வந்தான். மாமாவே கையெழுத்து வைத்து வாங்கி, "நான் இண்டைக்கு வாறனாம்" என்று வாசித்துக் காட்டினார்.

சோறும் தயிரும் ஊறுகாயும்தான் மிஞ்சின. மாமா இரண்டாவது பிடி வைக்கும்போது மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி, நண்டுக்கு உப்புக் குறைவா இருந்திச்சு. நான் போட்டுட்டேன்!"

மனைவியின் கை அப்படியே நின்றது. நான் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தேன். மாமா நிமிரவில்லை. தயிரை இன்னும் கொஞ்சம் விட்டுப் பிசைந்து, "நல்ல மனிசி" என்றார்.

மூன்றாம் நாள் மாமாவை இரத்மலானைக்குக் கூட்டிப்போகப் புறப்பட்டேன்.

"வேண்டாம், தம்பி. கோட்டை ஸ்டேசனிலை மெயில் எடுப்பம்."

"ஏன் மாமா, பிளேன் பிடிக்கேல்லையோ?"

"எனக்குப் பிடிச்சுது. உங்களுக்குத்தான் கஷ்டம்."

அதற்குப் பிறகு அவர் பிளேனில் வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு கிழமைக்கு முன்பே கடிதம் வரும். திகதியின் கீழ் இரண்டு கோடு போட்டிருப்பார். மாமாவை ரயில் ஏற்றிவிட்டு வந்து அவர் சொன்னதைச் சொன்னபோது, அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று மனைவி அன்று முழுக்க அழுதாள். அடுத்த சனிக்கிழமை நாங்கள் நண்டு வாங்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை வாங்கினோம்.