மூன்று காலுக்கு மூன்று ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில், பிரிஞ்சாங் மேட்டில் மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்றேன். கோலாலம்பூர்க்காரப் பையன் ஒருவன் கேமரா வைத்துக்கொண்டிருந்தான். முழங்கை நீளத்துக்கு ஸூம் லென்ஸ். எதிர்மலையில் பூத்திருந்த ஒற்றை மரத்தைக் குறிவைத்திருந்தான். அடியில் பளபளவென்று ஒரு ட்ரைபாட். ஆனால் காற்றில் அது ஜுரம் வந்த மாதிரி நடுங்குகிறது. கண்ணை வைத்துப் பார்க்கிறான்... ‘ச்சே’ என்கிறான். மறுபடி பார்க்கிறான்... ‘ச்சே.’

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே!

“தம்பி, ரெண்டு கால பள்ளத்துப் பக்கம் வை. ஒரு காலு மேட்டுல இருக்கட்டும். தோள்ல கெடக்குற பையக் கழட்டி நடுவுல தொங்க விடு. ஆடாது.”

செய்தான். ஆடவில்லை.

“ஆன்ட்டி, நீங்க போட்டோ ஸ்டூடியோ வெச்சிருந்தீங்களா?”

“இல்லப்பா. ஜப்பான்காரன் காலத்துல கொழுந்து பறிச்சேன்.”

பையன் திருதிருவென்று விழித்தான். விழிக்காமல் என்ன செய்வான்? வாராவாரம் என் கதை கேட்கிற உங்களுக்காவது விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. கல்யாணமாகி நான்கு மாதம். என் வீட்டுக்காரர் சூசை, எங்கள் தோட்டத்தில் தேயிலைப் பெட்டி செய்யும் தச்சர். வெள்ளைக்கார துரை ஓடிப்போய், ஜப்பான்காரர் ஒருவர் மேனேஜராக வந்திருந்தார். குள்ளம், கண்ணாடி, ஓயாத தும்மல். எங்களோடு பேசுவதெல்லாம் உடைந்த மலாயில்தான்.

சண்டையில் தேயிலை ஏற்றிப்போகக் கப்பல் இல்லை. கப்பல் இல்லையென்றால் பெட்டி எதற்கு? பெட்டி இல்லையென்றால் தச்சர் எதற்கு? ஒருநாள் காலைப் பெரட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, கணக்கெழுதும் கிராணி வேறொரு தாளை எடுத்தார். சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புகிற ஆட்களின் பட்டியல். நான்காவது பேர் சூசை.

அதற்கு முன்பே முதல் லாரியில் போனவர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்று மத்தியானமே மேனேஜர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் பின்னாலேயே போனேன். மேசைமேல் ஒரு பெரிய கேமரா. கண்ணாடி பிளேட்டு போட்டு எடுக்கிற ரகம். மடிப்பு மடிப்பாகத் துருத்தி, அதன் முனையில் நீண்ட லென்ஸ். பக்கத்தில் அதன் ஸ்டாண்டு, லாரியில் வந்தபோது ஒரு கால் முறிந்து கிடந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், காட்டோரத்துப் பட்டமரத்தில் ஒரு கருங்கழுகு கூடு கட்டியிருக்கிறதாம். அதைப் படம் எடுக்க வேண்டுமாம். புது ஸ்டாண்டு செய்ய முடியுமா?

“செய்யலாம் துவான்.”

மேனேஜர் கிராணியிடம் திரும்பிச் சொன்னார்: “இவன் இருக்கட்டும். கழுகு படம் தெளிவாக வந்த பிறகு அனுப்பலாம்.”

புரிகிறதா? படம் மங்கலாக இருக்கும் வரை என் தாலிக்கு ஆபத்தில்லை!

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்: “என்னங்க, அந்த ஸ்டாண்ட கொஞ்சம் லொடலொடன்னு செய்ங்க. காத்தடிச்சா ஆடணும்.”

அவர் என்னை ஏதோ பாவம் செய்யச் சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ஆடுற மாதிரியா? என் கையாலயா?”

“உங்க உசுரு லா!”

“அது சரி புள்ள. ஆனா எனக்கு அப்படிச் செய்யத் தெரியாதே.”

தெரியாதாம்! இப்படிப்பட்ட ஆளைக் கட்டிக்கொண்டால் ஊரில் பெருமைதான். வீட்டில்தான் ரத்தக்கொதிப்பு.

மூன்றே நாளில் செய்து முடித்தார். கெட்டி மரம், காலுக்குக் கால் இரும்புப் பூண். ஏறி உட்காரலாம், அவ்வளவு உறுதி. நான் மாதாவிடம் முறையிட்டேன். மாதா கேட்டுவிட்டாள்! மேனேஜர் எடுத்த நான்கு பிளேட்டும் ஒரே புகைமூட்டம். நிழலில் இருக்கிற மரம், அரை நொடியாவது வெளிச்சம் உள்ளே போக வேண்டும். அந்த அரை நொடிக்குள் காற்று துருத்தியை உலுக்கிவிடுகிறது. ஸ்டாண்டு நிற்கிறது, லென்ஸின் மூக்கு ஆடுகிறது.

இரண்டாவது லாரி புறப்பட்டது. என் வீட்டுக்காரர் அதில் இல்லை. நான் வாசலில் நின்று சிரித்தேன். அந்த லாரியில் யார் யார் இருந்தார்கள் என்று யோசித்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

அவரோ சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். சயாமை நினைத்தா? இல்லை, ஆடுகிற மூக்கை நினைத்து! திடீரென்று எழுந்தார். மூங்கில் ஒன்றை வெட்டி, உச்சியில் கவட்டை வைத்து, லென்ஸுக்கு முட்டுக்கொடுக்க ஒற்றைக்கால் தடி ஒன்று செய்தார். ஸ்டாண்டின் நடுவில் ஒரு கொக்கியும் மாட்டினார்... கனம் தொங்கவிட.

“தடியப் பிடிக்க ஒரு ஆளு வேணும்” என்றார்.

“நான் வர்றேன்” என்றேன் உடனே. ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சரியான நேரத்தில் தடியை லேசாக ஒரு தட்டு... போதாதா?

மறுநாள் காலை எங்கள் கொழுந்து மலையிலேயே கேமராவை நிறுத்தினார்கள். கனத்துக்கு என் கொழுந்துக் கூடையையே கொக்கியில் மாட்டினார் வீட்டுக்காரர். மேனேஜர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், வெளியே வந்தார், தும்மினார். என்ன நினைத்தாரோ, என்னைப் பார்த்து, “நீயும் பார்” என்று கை காட்டினார்.

உள்ளே போனேன்.

ஐயோ... அதை எப்படிச் சொல்வேன்! கண்ணாடியில் உலகமே தலைகீழ். வானம் கீழே, காடு மேலே. நடுவில் கழுகு தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது! எங்கேயோ பொட்டாகத் தெரிந்த பறவை கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். மஞ்சள் கால். கூட்டுக்குள் வெள்ளைப் பஞ்சு உருண்டையாக ஒரு குஞ்சு, வாயைப் பிளந்துகொண்டு. தாய் கிள்ளிக் கிள்ளி ஊட்டுகிறது. நான் துணிக்குள்ளேயே சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

வெளியே வந்து தடியைப் பிடித்தேன். மேனேஜர் பிளேட்டைச் செருகினார். படம் பிடிக்க அமுக்குகிற ரப்பர் பந்தைக் கையில் எடுத்து, ஜப்பான் மொழியில் ஒன்று, இரண்டு எண்ணினார்.

“இச்சி... நி...”

தட்ட வேண்டும். இப்போது தட்ட வேண்டும். கழுகு தலையைத் தூக்கி நேராக எங்களைப் பார்த்தது. நானோ மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, அந்தத் தடியைக் கோயில் கொடிமரம் மாதிரிப் பிடித்து நின்றேன்!

“சான்!”

முடிந்தது. அப்புறம்தான் புத்தி வந்தது. ஞானம்மா, என்னடி செய்துவிட்டாய்?

சாயங்காலம் கழுவிய பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்தார் மேனேஜர். இறகு இறகாக எண்ணலாம். “பாகுஸ்! பாகுஸ்!” பிரமாதம் என்று மலாயில் குதித்தார். என் வீட்டுக்காரரும் கூடவே குதித்தார்.

“எவ்வளவு தெளிவா வந்திருக்கு பாத்தியா புள்ள?”

நான் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிராணி ஏற்கனவே அந்தத் தாளைக் கையில் எடுத்துவிட்டார்.

எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்! காலையில் பார்த்த காட்சியின் கிறுகிறுப்பு இன்னும் தலையில் இருந்தது. நேரே மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

“துவான், குஞ்சுக்கு இன்னும் இறக்கை முளைக்கல. முளைச்சதும் பறக்கும். அத எடுக்க வேணாமா?”

தும்மல் நின்றது. மேனேஜர் யோசித்தார். “வேண்டும்” என்றார்.

“அது வரைக்கும் ஸ்டாண்ட தூக்க ஆளு வேணும். மலை சறுக்கும். இது கனமான ஸ்டாண்டு. தீகா காக்கி, தீகா ஓராங்... மூணு காலு, மூணு ஆளு.”

“ஒரு காலுக்கு ஒரு ஆளா?”

“ஆமா துவான். சூசை, முனியாண்டி, ராயப்பன். இவங்களுக்குத்தான் பழக்கம்.”

முனியாண்டியும் ராயப்பனும் எங்கள் லயத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். அதே தாளில் ஐந்தாவது, ஆறாவது பேர். கேமராவைக் கிட்டத்தில்கூடப் பார்த்ததில்லை.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை வெகுநேரம் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. பிறகு கிராணியிடமிருந்து தாளை வாங்கி, மூன்று பெயரையும் கோடு போட்டு அடித்தார்.

குஞ்சு பறந்தது. படமும் எடுத்தோம், அதில் வானம் மட்டும்தான் விழுந்திருந்தது! அதற்குள் நான் வேறொரு கூட்டைக் கண்டுபிடித்திருந்தேன். அதன் பிறகு இன்னொன்று. கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லோரும் செடியைப் பார்த்த நேரத்தைவிட மரத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம். “ஞானம்மா, ஆத்தோரத்துல ஒண்ணு முட்டை வெச்சிருக்கு!” என்று மலை முழுக்கக் குரல் கேட்கும். எந்தப் பறவை எங்கே முட்டை வைத்தாலும் எங்களுக்கு இன்னும் ஒரு மாதம். ஸ்டாண்டுக்குக் காலுக்கு ஒருவராக மூன்று ஆண்கள் மேளதாளம் இல்லாத ஊர்வலம்போல முன்னே போவார்கள். ஒற்றைக்கால் தடியோடு நான் பின்னே போவேன்.

ஜப்பான்காரன் சரணடைந்தான் என்று சேதி வந்த அன்றும் ஒரு மரங்கொத்திக்காகத்தான் நின்றுகொண்டிருந்தோம். மேனேஜர் தானே துருத்தியை மடித்தார், எங்கள் மூன்று ஆண்களுக்கும் குனிந்து வணக்கம் சொன்னார், மலையிறங்கிப் போனார். ஸ்டாண்டை எங்களிடமே விட்டுவிட்டார்.

எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் திரும்பியவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். முனியாண்டி பேரப்பிள்ளை எடுத்தான். ராயப்பன் இன்றும் என்னைப் பார்த்தால் ‘ரெண்டாங்காலு’ என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டு சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

ஒரே ஒரு வருத்தம்தான். என் வீட்டுக்காரரிடம் அன்றைக்கே பத்துக் கால் வைத்து ஒரு ஸ்டாண்டு செய்யச் சொல்லியிருக்க வேண்டும்.