குணமானவர்கள் ஏன் போனை எடுப்பதில்லை?

போன செவ்வாய்க்கிழமை மதியம் திண்டுக்கல்லில் யூசுப் பாயின் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். பிரியாணிக் கடைக்கு மேல்மாடி. பாயின் அப்பாவுக்குத் தோல் வியாபாரம். மகன் மொபைல் ஆப் செய்கிறார். வீட்டு வைத்தியத்தை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் ஆப். சர்க்கரைக்கு ஆவாரம்பூ கஷாயம் என்று ஒருவர் எழுதுவார். 'நானும் குடிக்கிறேன்' என்று இன்னொருவர் பதிவார். குணமானால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை இலை விழும்.

ஆவாரம்பூவுக்கு இலையோ இலை... அதை நம்பித்தான் நானும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தேன். வீட்டுக்குத் தெரியாது. பாய்க்கும் தெரியாது — ஆப்பில் புனைபெயர்தானே?

"குணமாயிருச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க பாய்?"

"அதாண்ணே டிசைனு. நம்ம ஊர்ல மருந்து வாங்கிட்டுப் போனவன் திரும்பி வரலைன்னா என்ன அர்த்தம்? சரியாப்போச்சு. அதேதான். கொஞ்ச நாளா ஆப்பைத் தொறக்கலைன்னா தானா இலை விழுந்துரும்."

நியாயம்தானே? நானும் தலையாட்டினேன்.

விளம்பர வீடியோவில் பேச, குணமான ஒருவர் வேண்டும் என்றார் பாய். இலை விழுந்தவர்களை ஸ்பீக்கரில் போட்டு அழைக்க ஆரம்பித்தார். முதல் ஆள் சாணார்பட்டி. ஒரு பெண் எடுத்தார்.

"அவுகளா? அவுக தவறிப்போயி நாலு மாசமாச்சே. மாத்திரைய விட்டுட்டுக் கசாயந்தான் குடிச்சாக... நீங்க யாரு?"

பாய் போனை வைத்துவிட்டார். கீழே கடையில் பிரியாணிக்குத் தம் உடைத்த வாசம் மாடிக்கு வந்தது. எங்கள் இருவருக்கும் பசியில்லை.

அடுத்தவர் நத்தம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அதற்கடுத்த நம்பர் உபயோகத்தில் இல்லை. பாய் திரையைத் தள்ளத் தள்ள, பச்சை இலைகள் வந்துகொண்டே இருந்தன. இவர்களில் குணமாகி வராதவர்கள் எத்தனை பேர்? வர முடியாதவர்கள் எத்தனை பேர்? பயந்துவிட்டேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பார்ப்போம்ணே" என்று பாய் அடுத்த இலையைத் தொட்டார்.

என் சட்டைப் பையில் போன் அடித்தது.

பாய் தன் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கஷாயம் வைக்கப் பழகிய பிறகு நான் அந்த ஆப்பைத் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நேராக டாக்டரிடம் போனேன். சர்க்கரை எகிறியிருந்தது. நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு, மறுபடி மாத்திரையை ஆரம்பித்துவிட்டேன். டிசைனை மாற்றிக்கொண்டிருப்பதாகப் பாய் சொல்கிறார்.

அதுவரை தினமும் காலையில் ஆப்பை ஒருமுறை திறந்து மூடுகிறேன் — தெரியாத்தனமாகக் குணமாகிவிடக் கூடாது, பாருங்கள்.