விநாசித்தம்பியின் உள்ளங்கை

திரையில் மூசாங் குட்டி மரப்பொந்திலிருந்து தலையை நீட்டியதும் விநாசித்தம்பிக்குக் கால் ஆடத் தொடங்கிவிடும். எழுந்து படம் ஓட்டும் இயந்திரத்தைச் சுற்றி வருவார். சுவரிலுள்ள சிறிய ஓட்டை வழியாகக் கீழே அரங்கை எட்டிப் பார்ப்பார். வந்து உட்கார்ந்த சூட்டோடு மறுபடியும் எழுவார். திரையில் பனி விழ ஆரம்பித்ததோ இல்லையோ, வலது கையை நீட்டி லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துவிடுவார். அரங்கு இருண்டுபோகும். பாட்டு மட்டும் இருட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

கீழே பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக் கூச்சல் போடும். விசில் பறக்கும். மனிதர் அசைய மாட்டார். "கொஞ்சம் பொறுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ, முடியப் போகுது" என்று உதடு மட்டும் முணுமுணுக்கும். பாட்டு மாறியதும் கையை எடுப்பார். அப்பா மூசாங் வாயில் மீனோடு வந்து நிற்கும். குட்டி துள்ளும். எல்லாரும் கை தட்டுவார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. அப்பா தொலைந்ததையும் குட்டி தேடியதையும்தான் ஆபரேட்டர் விழுங்கிவிட்டாரே!

ஜப்பான்காரன் பினாங்கை ஆண்ட காலம் அது. பினாங்கு ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த சினிமாக் கொட்டகையில் அவர் மேலே படம் ஓட்டினார், நான் கீழே சீட்டுக் கிழித்தேன். அதற்கு முன்னால் நான் பள்ளிக்கூட வாத்தியார், அவர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்காரன் கப்பலேறியதும் இரண்டு பேருடைய பிழைப்பும் கூடவே ஏறிவிட்டது. பழைய ஆபரேட்டரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரேடியோவைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பாவத்துக்காக அந்த இடத்தில் விநாசித்தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி. கிழிந்த சட்டையானாலும் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். கைக்கடிகாரத்தைக் கண்டால் சிப்பாய் கழற்றிக்கொள்வான் என்று அதை முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டிச் சட்டைக்கையால் மூடியிருப்பார். நேரம் கேட்டால் முதலில் நாலு பக்கமும் பார்ப்பார், பிறகுதான் கையைச் சுருட்டுவார். "அவங்கட நேரம் மூண்டு மணி. எங்கட நேரம் ஒண்டரை. உமக்கு எது வேணும்?" என்பார். ஊரெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாறிய பிறகும் அந்தக் கடிகாரம் மாறவில்லை.

ஓரிடத்தில் நிற்க முடியாத மனிதர். தேத்தண்ணியை ஒருநாளும் முழுசாகக் குடித்ததில்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கை நடந்துகொண்டே தின்பார். முச்சந்தியில் நிற்கும் சிப்பாய்க்கு எல்லாரும் இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். இவர் வளைந்தபடியே நாலடி நடந்துவிடுவார். அதற்காக ஒருநாள் துப்பாக்கிக் கட்டையால் ஒன்று வாங்கினார். மறுநாளும் வளைந்தபடியேதான் நடந்தார். "காலில சக்கரமா அண்ணே கட்டியிருக்கு?" என்று கேட்டேன். "நிண்டா யோசினை வரும் மாஸ்டர்" என்றார்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் நடித்த படமல்ல, சித்திரமாக வரைந்து ஓடவிட்டது. குடும்பத்தோடு பார்த்துச் சிரிப்பதற்காகத் தோக்கியோவிலிருந்து வந்தது. அதில் வரும் மிருகத்துக்கு ஜப்பான்காரன் என்னவோ ஒரு பெயர் சொன்னான். நம்முடைய ஆட்கள், கோழி திருட வரும் மரநாயான மூசாங்தான் அது என்று முடிவுகட்டிவிட்டார்கள். வேறு படம் கிடையாது என்பதால் போர்ச் செய்திக்குப் பின்னால் ஒவ்வொரு ஆட்டத்திலும் மூசாங் வந்தது. பார்க்க வந்ததெல்லாம் பெண்களும் பிள்ளைகளும். ஆண்கள் சினிமாப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். தோட்டங்களில் இலவசப் படம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, வந்தவர்களை அப்படியே லோரியில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பிய கதை ஊருக்கே தெரியும்.

முதல் நாள் அவர் கையை வைக்கவில்லை. திரையில் வெள்ளையாகப் பொலபொலவென்று கொட்டியது. பனியைப் பினாங்கில் யார் கண்டது? முன் பெஞ்சிலிருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்று, "அம்மா, அரிசி! அரிசி கொட்டுது!" என்று கத்தியது. கிழங்கு தின்று வயிறு ஊதிய கூட்டம் அது. பெரியவர்களுக்கும் ஒரு கணம் நாக்கில் நீர் ஊறியிருக்கும். எனக்கு ஊறியது.

அந்த அரிசிக்குள் அப்பா மூசாங் இரை தேடிப் போகிறது. குட்டி காத்திருந்து பார்த்துவிட்டு, அப்பாவின் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் போகிறது. தடத்தின் மேல் பனி கொட்டுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாத் தடமும் மூடிப்போகிறது. குட்டிக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. நடு வெளியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து ஊளையிடுகிறது. அவ்வளவுதான் காட்சி. மை தீட்டிய பொம்மை!

அந்த இடத்தில்தான் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "போன தடமும் மூடிப்போச்சே, நான் எந்தத் தெசைன்னு தேடுவேன்…" பைராம் தோட்டத்துப் பக்கமிருந்து வந்து, பட்டணத்தில் அக்காவோடு ஒண்டிக்கொண்டு துணி துவைத்துப் பிழைத்த வள்ளியம்மாவின் குரல். அவள் புருஷன் பிச்சைமுத்துவும் அந்த இலவசப் படம் பார்க்கப் போனவன்தான். ஒருத்தி எடுத்துக் கொடுத்ததும் பெஞ்சு முழுவதும் வாங்கிக்கொண்டது. மாரடித்து, ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு, சாவு வீட்டில் போல ஒப்பாரி. பாஷை புரியாத சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். அதற்குப் பாஷை வேண்டுமா என்ன?

விளக்கைப் போடச் சொல்லிவிட்டு ஜப்பான்காரச் சினிமா அதிகாரி வாளும் கையுமாக எழுந்தான். யார் செத்தது என்று கேட்டான். யாரும் சாகவில்லை, மூசாங் குட்டிக்காக அழுகிறார்கள் என்று துபாஷி சொன்னதை அவன் நம்பவில்லை. சந்தோஷப் படத்தைக் கேலி செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான். மேலே ஏறிப் போய் விநாசித்தம்பியைப் பளார் பளாரென்று அறைந்தான். இன்னொரு முறை இங்கே அழுகைச் சத்தம் கேட்டால் கொட்டகையைப் பூட்டி ஆபரேட்டரைக் கொண்டுபோய்விடுவேன் என்றான். எங்கே கொண்டுபோவான் என்று யாரும் கேட்கவில்லை. போனவர் திரும்பிய இடமாக அது இருக்காது.

மறுநாளிலிருந்து உள்ளங்கை வந்தது. ஏன் படம் இருட்டடிக்கிறது என்று கேட்டு வந்த அதிகாரியின் ஆளிடம், "விளக்கில எரியிற கரிக்குச்சி சரியில்லை, துரை" என்று சாதித்துவிட்டார். "பயந்தாங்கொள்ளி அண்ணே நீங்க" என்று நான் கிண்டல் செய்வேன். "ஓமோம், பயம்தான். நீர் அந்த அறையை வாங்கிப் பாரும், பிறகு கதையும்" என்பார். நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் அறுந்த பிலிமை ஒட்டிச் சரிபார்ப்பதற்காக ஓட்டினார். அரங்கில் ஈ காக்கை இல்லை. நான் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தேன். பனி கொட்ட ஆரம்பித்தது, திரை இருண்டது. யாருமில்லாத கொட்டகையில் யாருக்குப் பயந்து மறைக்கிறார்? துணியைப் போட்டுவிட்டு மேலே ஏறிப் போனேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் லென்ஸுக்கு நீட்டியபடி நின்றார்.

"என்ர பெடியனும் அங்கதான், மாஸ்டர்" என்றார். அதுவரை அவர் வாயிலிருந்து வராத பேச்சு. ஒரே மகன் ஏரம்பமூர்த்தி ஆஸ்பத்திரியில் டிரெஸர். காயத்துக்கு மருந்து போட ஆள் வேண்டுமென்று தோட்டத்துக் கூட்டத்தோடு அவனையும் சயாமுக்கு ஏற்றிவிட்டார்கள். போனதோடு சரி, ஒரு சேதியும் இல்லை. மனைவி நல்லம்மா அன்றைக்கே வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிட்டார். "பிள்ளை வழியில இருக்கிறான். வழிப்போக்கன் வந்து சேரும் வரைக்கும் வீட்டில கண்ணீர் விழக்கூடாது எண்டு போட்டா. தானும் அழமாட்டா, என்னையும் விடமாட்டா. இந்தச் சனியன் பிடிச்ச குட்டி அந்தத் தடத்தைத் தேடேக்க…" மேலே சொல்லாமல் இயந்திரத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாரமே வள்ளியம்மா மாடிப்படி அடியில் வந்து நின்றாள். அவர் இறங்கி வந்ததும் வழியை மறித்தாள்.

"அண்ணே, கைய எடுங்கண்ணே."

"எந்தக் கை?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. அந்தக் குட்டி அழுவுற எடத்த எங்களுக்குக் காட்டுங்க. நாங்க வர்றதே அதுக்குத்தான்."

"பிள்ளை, உனக்கென்ன விசரோ? நீங்கள் அழுது நான் அடி வாங்கினது காணாதோ?"

"வூட்டுல அழ முடியலண்ணே. தாலி கழுத்துல கெடக்கு, பொழுது சாஞ்சா வெளக்கு ஏத்துறேன். உசுரோட இருக்குற மனுசனுக்கு ஒப்பாரி வச்சா அது அவர சாகச் சொல்றது இல்லியா? கண்ணு கலங்கினாலே அக்கா வாய்மேல அடிக்கிறா. ஆனா மூசாங் குட்டிக்கு அழுவலாம்லா? அதுல ஒண்ணும் தோஷம் இல்லலா?"

அவர் கால் ஆடியது.

"சத்தம் வராதுண்ணே. முந்தானைய வாயில திணிச்சுக்குறோம். எல்லாரும் பேசி வச்சிட்டோம்."

"எனக்கு ஏலாது" என்று அவளை விலக்கிக்கொண்டு விடுவிடென்று தெருவில் இறங்கினார். எதிரே நின்ற சிப்பாய்க்கும் நடந்தபடியேதான் கும்பிட்டார்.

அடுத்த பகலாட்டத்துக்கு அதிகாரி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். நான் வாசலில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தேன். வள்ளியம்மா வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் இன்னொரு சேலை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன், நல்லம்மா அக்கா! சினிமாவா, இந்தக் காலத்திலா என்று ஏசுகிறவர். எப்படிக் கூட்டி வந்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சீட்டைக் கிழித்துக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு மேலே போய், "அண்ணே, அக்கா வந்திருக்காங்க" என்றேன்.

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்கா. பொம்பளைங்க பெஞ்சில."

ஓட்டை வழியாகப் பார்த்தார். அந்த மங்கலில் என்ன தெரிந்ததோ, கிளாஸை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூசாங் குட்டி பொந்திலிருந்து தலையை நீட்டியது. மேசை, நாற்காலி, நான் என்று எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டு நடந்தார். பனி கொட்டத் தொடங்கியதும் பழக்கப்பட்ட கை தானாக நீண்டு லென்ஸை மறைத்தது.

அன்றைக்குக் கூச்சல் இல்லை. விசில் இல்லை. ஒரு பிள்ளைகூடப் பெஞ்சைத் தட்டவில்லை. தாய்மார் சொல்லி வைத்திருக்க வேண்டும். பாட்டு ஓடியது, இருட்டுக்குள் அத்தனை பேரும் வாய் திறக்காமல் காத்திருந்தார்கள். கீழே அதிகாரியின் நாற்காலி கிறீச்சிட்டது. "திரும்பிப் பாக்குறான் அண்ணே. கரின்னு சொன்னா இன்னைக்கு நம்பமாட்டான். கைய எடுங்க" என்றேன். எடுத்தால் அழுகை, எடுக்காவிட்டால் அதிகாரி. எதுவானாலும் போகப்போவது அவர்தான்.

அவருக்கு நான் பேசியது கேட்டதா என்று தெரியவில்லை. "அவ அழமாட்டா" என்றார். ஓட்டைப் பக்கம் தலையைத் திருப்பி, "பாவம், பிள்ளை போனதில இருந்து அவ அழவேயில்லை" என்றார்.

கையை எடுத்தார்.

வெளிச்சம் அரங்கில் விழுந்தது. ஓட்டை வழியாக இருவரும் பார்த்தோம். தடம் மூடிப்போய்க் குட்டி ஊளையிட்டது. பெண்கள் பெஞ்சு முழுவதும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தோள்கள் குலுங்கின, கண்கள் கொட்டின, ஒரு முனகல்கூட இல்லை. அதிகாரி ஒருமுறை இடமும் வலமும் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். வள்ளியம்மாவுக்குப் பக்கத்தில் நல்லம்மா அக்கா, முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தார்.

அப்போது இயந்திரத்துக்குள்ளிருந்து ஏதோ சத்தம் கிளம்புவதுபோல் இருந்தது. பிலிம் மாட்டிக்கொண்டதோ என்று பதறித் திரும்பினேன். பிலிம் ஒழுங்காகத்தான் ஓடியது. விநாசித்தம்பி அசையாமல் நின்றார், கால்கூட ஆடவில்லை. லென்ஸை மறைத்துப் பழகிய அதே உள்ளங்கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார்.