மதர்போர்டு மாற்ற வந்த பொண்ணு

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில், பெட்டியைத் திறக்க நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும். பெட்டிக்குச் சொந்தக்காரரை நம்ப வைக்கத்தான் பாதி நாள் போய்விடும். ஸ்க்ரூடிரைவரைப் பிடித்திருப்பது சுடிதார் போட்ட பெண் என்றால் மீதிப் பாதியும் போய்விடும். இந்த வேலையில் இருக்கிற, இருந்துவிட்டு ஓடிப்போன சகோதரிகள் இதைப் படித்துத் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

பென்டியம் த்ரீ வைத்திருந்தவர்களெல்லாம் பென்டியம் ஃபோருக்கு ஏங்கிய வருஷங்கள் அவை. வேலூரில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு ஆம்பூர் பஜாரில் ஒரு கடையில் சேர்ந்தேன். கீழே ஷூவுக்கான பக்கிளும் லேஸும் விற்கிற கடை, மாடியில் நாங்கள். ஓனர் தேவராஜ் சார் முதல் நாளே நிபந்தனையைச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்குள், எங்கள் சீனியர் பாபு அண்ணன் கை படாமல், நான் தனியாக ஒரு கம்ப்யூட்டருக்கு மதர்போர்டும் ப்ராசஸரும் மாற்ற வேண்டும். அந்தக் கஸ்டமர் குறை சொல்லாவிட்டால் நான் டெக்னீஷியன். சொல்லிவிட்டால் முன்னால் மேஜை போட்டு, வருகிறவர்களுக்கு பயோடேட்டா டைப் அடித்துக் கொடுக்க வேண்டும்.

எனக்குக் கூச்ச சுபாவம். முன்பின் தெரியாதவரை ‘சார்’ என்று கூப்பிடுவதற்குள் இரண்டு முறை எச்சில் விழுங்குவேன். ஆனால் ஊராரின் பயோடேட்டாவை அடிப்பதற்காக நான் மூன்று வருஷம் படிக்கவில்லை.

டெக்னீஷியன் வருகிறார்

முதல் வாய்ப்பு, ரிட்டையரான ஒரு ஹெட்மாஸ்டர் வீட்டில் கிடைத்தது. வாசலில் “கம்ப்யூட்டர் கடையிலிருந்து வர்றேன்” என்றதும் அன்பாக உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். மகள் கல்யாண ஆல்பத்தைக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் பக்கம் முழுவதும் பார்த்து முடித்த பிறகு, “டெக்னீஷியன் எப்பம்மா வருவாரு?” என்றார். நான்தான் என்றேன். என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று தெருவையும் பார்த்தார்.

மரியாதைக்காரர், ‘வேண்டாம்’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. நான் இரண்டாவது ஸ்க்ரூவைக் கழற்றும்போது பக்கத்து அறையில் போன் டயல் சுழலும் சத்தம் கேட்டது. முப்பது வருஷம் வகுப்பறையில் கத்திய குரல் அல்லவா, அவர் ரகசியமாகப் பேசியது தெருமுனை வரை கேட்டிருக்கும்:

“சார், நீங்க அனுப்புன பொண்ணு கம்ப்யூட்டரைத் தொடுது. விடலாமா, வேணாமா?”

மிச்சம் இருப்பது

ஹெட்மாஸ்டர் வீட்டு வேலையை பாபு அண்ணன் வந்து முடித்ததால் அது என் கணக்கில் சேரவில்லை. அடுத்தது காட்பாடியில் ஒரு நர்ஸ் வீடு. ‘போர்டும் ப்ராசஸரும் மட்டும் மாத்தினா போதும் சிஸ்டர்’ என்று சார் போனில் சொல்லியிருந்தார். எங்கள் தொழிலில் ‘மட்டும்’ என்ற சொல்லுக்கு ஆயுள் அரை மணி நேரம். புதிய போர்டில் பழைய ரேம் உட்காரவில்லை; புது ரேம் வாங்க வேண்டும் என்றேன். புதிய போர்டுக்கு வேண்டிய கரன்ட் கனெக்ஷன் பழைய பவர் சப்ளையில் இல்லை. அதையும் மாற்றலாம் என்றேன். புதிய பவர் சப்ளை பழைய கேபினெட்டில், அதாவது வெளிப்பெட்டியில், நுழையவில்லை. அதற்கு மேல் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது, சொன்னேன்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது. முதல் தடவையாக ஒரு வேலையை நானே தொடங்கி நானே முடித்திருந்தேன். நைட் டியூட்டிக்குக் கிளம்பி நின்ற அந்த அம்மா, தரையில் குவிந்திருந்த பழைய சாமான்களை நிதானமாகப் பார்த்தார். பிறகு, கையெழுத்துப் போட நீட்டிய சர்வீஸ் தாளில், ‘குறைகள்’ என்ற இடத்தில் இரண்டு வரி எழுதினார். எழுதியதை எனக்கு வாய்விட்டும் படித்துக் காட்டினார்:

“மூளை, நெஞ்சு, எலும்பு, தோல் எல்லாத்தையும் மாத்திட்டு பேஷன்ட் பொழைச்சிட்டார்னு சொல்றீங்க. எங்க ஆஸ்பத்திரியில இதுக்கு ஆள் மாறாட்டம்னு பேரு.”

சோல் பிரியாது

குறை எழுதியது பழசோடு ஒத்துப்போகாத போர்டு செய்த கம்பெனி மேல்தானே, என் வேலை மேல் இல்லையே என்று வாதாடிப் பார்த்தேன். “குறை குறைதாம்மா. மூணு மாசம் முடியறதுக்குள்ள இன்னொரு தடவை பண்ணிக் காட்டு, அதுதான் கடைசி” என்றார் சார். அந்த வாரம் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ப்ராசஸரைத் தானே மாற்றிவிட்டாராம், படம் வரவில்லையாம். என்னிடம், “நீ எழுதிக்கம்மா, அண்ணன் பாக்கட்டும்” என்றார். பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்பு வாசனை குப்பென்று வந்தது.

ப்ராசஸருக்கும் அதன் மேல் உட்காரும் ஃபேனுக்கும் நடுவே சூடு கடத்துவதற்காக நாங்கள் ஒரு வெள்ளைப் பேஸ்ட் தடவுவோம். முன்பு ஒருமுறை பாபு அண்ணன் தடவியதை இவர் பார்த்திருக்கிறார். ஒட்டுவதற்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார். கம்பெனியில் ஷூவுக்கு சோல் ஒட்டுகிற பசையை இரண்டு பக்கமும் பூசி, பத்து நிமிஷம் காயவிட்டு, முறைப்படி அழுத்தி ஒட்டியிருந்தார். பாபு அண்ணன் போர்டில் முழங்கையை ஊன்றி இழுத்தார். ப்ராசஸர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஃபேனோடு வந்ததே தவிர, ஃபேனை விடவில்லை. கஸ்டமர் முகத்தில் துளி வருத்தம் இல்லை:

“இன்னா இழுத்தாலும் வராது பாபு. நம்ம ஒட்டின சோல் ஜெர்மனி வரைக்கும் போவுது, ஒண்ணுகூட பிரிஞ்சு வந்ததில்ல.”

திரைக்கு உள்ளே

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம். தோல் ஃபினிஷிங் யூனிட்டில் மேனேஜராக இருந்த ஒரு பாய் பெட்டியைக் கொண்டுவந்தார். பாபு அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்ததால் நானே போர்டும் ப்ராசஸரும் மாற்றினேன். பாய் சந்தோஷமாக எடுத்துப்போனார். மறுநாளே போன்: அரை மணி நேரம் ஓடியதும் தானாக அணைந்துவிடுகிறதாம். பெட்டி கடைக்கு வந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு முறைகூட அணையவில்லை. வீட்டுக்குப் போனது, அணைந்தது. இப்படி மூன்று தடவை. “ஒரே பேஜாரா போச்சு சார்” என்றார் பாய். சார் என்னிடம், “பாபு நேரா வீட்டுக்கே போய்ப் பாக்கட்டும். உன் தப்புன்னு தெரிஞ்சா திங்கக்கிழமையிலேர்ந்து டைப்பிங்” என்றார். பாபு அண்ணனுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

பாய் யூனிட்டுக்குப் போயிருந்தார். கம்ப்யூட்டர் இருந்தது பெண் பிள்ளைகள் படிக்கிற உள்ளறையில். வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம்; முன்னறைத் திரையைத் தாண்டி பாபு அண்ணன் போக முடியாது. பாயின் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து, “அந்தப் பொண்ணை அனுப்புங்க” என்றார். எட்டு வருஷ அனுபவம் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, “ஃபேன் சுத்துதா பாரு! ரேமைக் கழட்டி மாட்டு!” என்று கத்திக்கொண்டிருக்க, நான் உள்ளே போனேன்.

கம்ப்யூட்டர் கோட்டுப் போட்டிருந்தது. அசல் ஆட்டுத்தோல், காபி நிறம், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். ஆன் பட்டனுக்கு ஓர் ஓட்டை, ஒயர்களுக்குப் பின்னால் ஒரு வாய். காற்றுப் போகிற துளைகள் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. தொட்டேன், கை சுட்டது. “இதைப் போட்டுட்டுத்தான் ஓட்டுவீங்களா ஆன்ட்டி?” “ஆமாம்மா. புது போர்டு போட்டோமே, தூசு படக் கூடாதுன்னு பாய் யூனிட்ல தைக்கச் சொன்னார். கடைக்குக் கொண்டு போறப்ப மட்டும் கழட்டிடுவோம், அழுக்காயிடும்.” கழற்றினேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர் கொடுத்த சேமியா பாயசத்தைக் குடித்தேன், கம்ப்யூட்டர் அணையவில்லை. அவர் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“ஜெர்கின் போட்டா வேர்க்கும்னு மனுஷனுக்குத் தெரியும், மெஷினுக்கும் வேர்க்கும்னு எங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?”

பாய் அன்று மாலையே சாருக்குப் போன் செய்து என் வேலையில் குறை ஒன்றும் இல்லை என்றார். அதைச் சார் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவர் காதில் விழுந்தது பாபு அண்ணன் சொன்ன திரை விஷயம்தான். “பாபு போக முடியாத வீடு இந்த ஊர்ல எத்தனை இருக்கும்!” என்று வியந்துவிட்டு, பெயர்ப் பலகை எழுதுகிறவருக்கு ஆள் அனுப்பினார்:

“கடை பேருக்குக் கீழ ‘லேடீஸ் டெக்னீஷியன் உண்டு’ன்னு பெருசா எழுதுப்பா, கடை பேரைவிட ஜாஸ்தியா தெரியணும்.”

மூன்று மாதம் நான் போர்டு மாற்றிக் காட்டி வாங்க முடியாத வேலையை, என்ன செய்தோம் என்றே தெரியாமல் ஒரு கதவுத் திரை வாங்கிக் கொடுத்துவிட்டது.